நான்காம் குழாய்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு நான்காம் குழாய் வெறும் தண்ணீராக இருந்தது.

கசப்பக்கா அந்தச் சோதனைக் குழாயில் இருந்ததை வாயில் முப்பது விநாடி வைத்திருந்து பீங்கான் தொட்டியில் துப்பினாள். கரைசல் கலக்கும்போது தான்தான் எங்கோ அளவைத் தப்பவிட்டிருக்க வேண்டும் என்று நினைத்து ஐந்தாம் குழாயை எடுத்தாள். தண்ணீர். ஆறு, தண்ணீர். ஒன்பதாம் குழாய் மாட்டையே முகம் சுளிக்க வைக்கும். அதை யாரும் வேண்டுமென்று வாயில் விடுவதில்லை. அவள் விட்டாள். நல்ல, சுத்தமான, வடிகட்டிய தண்ணீர்.

பிறகு பதிவேட்டைத் திறந்து, தன் பெயருக்கு நேரே '4' என்று எழுதினாள்.

ஏன் அப்படிச் செய்தோம் என்று பின்னால் அவள் பலமுறை யோசித்ததுண்டு. பொய் சொல்வதென்று அவள் முடிவெடுக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டத்தில் நான்கு போட்டுப் பழகிய கை, அவளைக் கேட்காமலே போட்டுவிட்டது. போட்டதை அடித்துத் திருத்தினால் ஓரத்தில் கையெழுத்திட்டுக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதுவதற்கு விட்டிருந்த இடம் மிகவும் சிறியது.

அந்தத் தொழிற்சாலையில் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து குயினைன் எடுத்தார்கள். மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பட்டையை அரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, எண்ணெயில் ஊறவைத்து, அமிலத்தால் பிரித்தெடுத்தால் கடைசியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி கிடைக்கும். மலேரியாவுக்கு முந்நூறு வருடத்துக்கும் மேலாகக் கேட்கிற மருந்து. அந்த மரத்தின் பட்டை காய்ச்சலைக் கேட்கும் என்று முதலில் கண்டுபிடித்தது கட்டாயம் பெரியவர்களாகத்தான் இருக்க வேண்டும். குழந்தைகள் கண்டுபிடித்திருக்க வாய்ப்பில்லை. அவ்வளவு கசப்பு. உலகத்தில் வேறு எதன் கசப்பை அளக்க வேண்டுமானாலும் குயினைனைப் பக்கத்தில் வைத்துத்தான் அளக்கிறார்கள்.

அளப்பதற்கு இயந்திரம் இல்லை, நாக்குதான். ஆய்வகத்தின் கடைசி அறையில் தினமும் காலை நான்கு பேர் உட்காருவார்கள். முதலில் ஆளுக்கு ஒன்பது குழாய். ஒன்றாம் குழாயில் குயினைன் இருப்பதாகச் சொன்னால்தான் தெரியும். அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏறும். யாருக்கு எந்தக் குழாயில் கசப்பு தொடங்குகிறதோ அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஏழு வரை ஒன்றும் தெரியாதவர் அன்றைக்கு எழுந்து தன் சொந்த வேலையைப் பார்க்கப் போகலாம். மற்றவர்கள் அன்றைய மாத்திரைகளையும் சிரப்புகளையும் சுவைத்து, சைபரிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடுவார்கள். சைபர் என்றால் கசப்பே இல்லை. ஐந்து என்றால் அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம்.

நால்வரில் ஒருவர் ஸ்டோர் கீப்பர். ஒருவர் உணவகத்துச் சமையல்காரர். இன்னொருத்தி நான்கு வருடத்துக்கு முன் சேர்ந்த வேதியியல்காரி. சேர்ந்த அன்று வைத்த பெயர் ஒட்டிக்கொண்டு இன்றும் அவள் 'புதுசு'தான். நான்காவது, குழாய்களையும் கலக்கித் தருகிற கசப்பக்கா. நாக்கு நான்கிலிருந்து நகராத ஒரே ஆள். சளி பிடித்தாலும் நான்கு, சண்டை போட்டுவிட்டு வந்தாலும் நான்கு.

அவள் சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டு மட்டும் நினைவில் வைத்திருந்தது.

அந்த வாரமே ஊரின் மறுகோடியில், தன்னைத் தெரியாத ஒரு மருத்துவரிடம் போனாள். அவர் விளக்கடித்து நாக்கைப் பார்த்தார். உப்பு வைத்தார், சர்க்கரை வைத்தார், எலுமிச்சை தொட்டு வைத்தார். எல்லாம் தெரிந்தது.

"போன வாரம் சளி இருந்துச்சா?"

"இருந்துச்சு டாக்டர்."

"அதுல நரம்பு கொஞ்சம் அடி வாங்கியிருக்கும். திரும்ப வரலாம். வராமலும் போகலாம்."

"கசப்பு மட்டும் சுத்தமா தெரியல."

"இனிப்பு தெரியுதுல்ல?" என்றார் அவர். "அப்புறம் என்னம்மா குறை?"

சொல்லலாமா என்று யோசித்தாள். கசப்பு தெரியாதது ஒரு நோய் என்று நம்பவைக்க ஒரு முழு மதியம் தேவைப்படும் என்று தோன்றியது. வெளியே இன்னும் ஏழு பேர் காத்திருந்தார்கள்.

அவளுக்குக் கசப்பை வைத்து வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பிடிக்காது. கசப்பு அவளைப் பொறுத்தவரை ஓர் எண். ஆனாலும் அந்த எண்ணைச் சொல்கிற அரை நிமிடம் ஒன்று இருந்தது. கரண்டியை வாய்க்குள் விட்டதும் அறை அடங்கிவிடும். மேலாளர்கூட நின்றபடி காத்திருப்பார். அவள் நான்கு பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தவள். வீட்டில் புதுத் துணி எடுக்கும்போதும், பாத்திரம் வாங்கும்போதும், தனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று யாரும் காத்திருந்ததில்லை. இங்கே காத்திருந்தார்கள். அதை விட்டுக் கொடுக்க முடியாமல்தான் மறைத்தாளோ என்று ஒருநாள் பேருந்தில் நின்றபடி நினைத்தாள். நினைத்ததும் கூச்சமாக இருந்தது. மேலே இருந்த பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

மறைப்பது எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது. காலைக் குழாய்களில் சிக்கல் இல்லை. எது நான்கு என்று கலக்கியவளுக்குத் தெரியாதா. மற்ற மாதிரிகளுக்கு மற்ற மூவரின் முகம் போதும். விதிப்படி ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியக் கூடாது. அதற்காக இருக்கைகளுக்கு நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்புகள் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் சுவருக்கு வண்ணம் அடிக்கக் கழற்றிய தடுப்புகள் அப்படியே ஸ்டோர் கீப்பரின் அறைக்குப் போய், அலமாரித் தட்டுகளாகி, அட்டைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டிருந்தன.

"நாம என்ன பரீட்சையா எழுதறோம், பாத்து எழுத?" என்று அவர் அப்போது கேட்டார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

பத்தொன்பது வருடத்தில் அவள் முதல் முறையாக அவர்களைப் பார்க்கத் தொடங்கினாள். சமையல்காரருக்குக் கசப்பு மூன்றைத் தாண்டினால் இடது காது மட்டும் ஒரு முறை ஆடும். ஸ்டோர் கீப்பர் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் ஒளித்துக்கொள்வார். புதுசுக்கு முகத்தில் ஒன்றும் ஓடாது; கண்ணில் நீர் வரும். அவள் இவற்றைக் கூட்டிக் கழித்து இரண்டு, மூன்று என்று போட்டாள். எண்கள் பழையபடியே அமைந்தன. தன் நாக்கு இருந்த காலத்தில் இந்த மூன்று பேரையும் தனக்குத் தெரிந்தே இருக்கவில்லை என்பதை அவள் ஒரு கண்டுபிடிப்பாக அல்ல, ஒரு தகவலாகக் குறித்துக்கொண்டாள்.

பிறகு குழந்தைகளுக்கான புதுச் சிரப் வந்தது.

ஆய்வகச் சுவரில், தீயணைப்புக் குறிப்புக்குப் பக்கத்தில், ஒரு கடிதம் குத்தி வைக்கப்பட்டிருந்தது. தூரத்து மருத்துவ நிலையம் ஒன்றிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியது. "உங்கள் சிரப் நல்ல மருந்து. குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வேலை செய்கிறது. பெரும்பாலும் போவதில்லை. பாதிக்கு மேல் என் அங்கியில் துப்பிவிடுகிறார்கள். என் அங்கிக்கு இனி மலேரியா வராது. சென்ற மழைக்காலத்தில் இரண்டு குழந்தைகளுக்கு, துப்பியது போக உள்ளே போன மருந்து போதவில்லை." கீழே கையெழுத்து. அதற்குக் கீழே, அடுத்த மழை எந்த மாதம் தொடங்கும் என்ற விவரம்.

மேலாளர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வருடம் உழைத்தார். குயினைனின் ஒவ்வொரு துகளையும் ஒருவகைப் பிசினுக்குள் பொதிந்து, ஆரஞ்சு மணம் சேர்த்த பாகில் கலக்கினார். நாக்கைத் தாண்டும்வரை துகள் மூடியிருக்கும். வயிற்றுக்குப் போனதும் திறக்கும். கேட்பதற்கு அழகாக இருந்தது. சிரப்பை மூன்று முறை சுவைத்துப் பார்க்க வேண்டும்: செய்த அன்று, ஏழாம் நாள், பதினான்காம் நாள். செய்தவர் சுவைக்கக் கூடாது என்பது விதி. அவர் வாசலில் நின்று, பிள்ளையின் ஆட்டம் பார்க்கிற தகப்பனைப் போலக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

முதல் நாள் நால்வரும் சைபர் போட்டார்கள். ஏழாம் நாள் நால்வரும் சைபர்.

பதினான்காம் நாள் ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அதை ஏற்றிப்போக லாரி. கசப்பக்கா கரண்டியை வாய்க்குள் விட்டாள்: சர்க்கரை, ஆரஞ்சு. வழக்கம்போல மற்ற முகங்களுக்காகக் காத்திருந்தாள். சமையல்காரர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோர் கீப்பர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுசும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பேர், வாய் நிறைய மருந்தோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, கடிகார முள் பாதி வட்டம் சுற்றும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது.

முப்பதாவது விநாடியில் நால்வரும் ஒன்றாகக் குனிந்து துப்பினார்கள்.

புதுசின் கண்ணில் நீர் இருந்தது.

"என்ன கண்ணுல?" என்றாள் கசப்பக்கா.

"தூசிக்கா" என்று சொல்லிவிட்டுப் புதுசு தன் தாளில் சைபர் போட்டாள்.

கசப்பக்கா சமையல்காரரின் காதைப் பார்த்தாள். அது ஆடி முடித்திருந்ததா, ஆடவே இல்லையா என்று சொல்ல முடியவில்லை. ஸ்டோர் கீப்பர் கட்டைவிரலை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சைபர் போட்டார்கள். அவளுடைய கையும் சைபர் போட்டது. இந்த முறை அது போடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் நான்கு தாள்களையும் விசிறிபோல விரித்தார். "நாலு பேரு, மூணு தடவ, பன்னெண்டு சைபர். என் சர்வீஸ்ல இப்படி ஒத்துமைய பாத்ததில்ல. கூடப் பொறந்தவங்ககூட இப்படி ஒரே மாதிரி சொல்ல மாட்டாங்க."

பழைய தாள்களில் அப்படி ஒருபோதும் இருந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஸ்டோர் கீப்பர் எப்போதும் ஒன்று கூடப் போடுவார், சமையல்காரர் ஒன்று குறைத்துப் போடுவார். அது இல்லாமல் போனதை மேலாளர் ஒற்றுமை என்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கணவர் சாப்பாட்டு மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

அவர் அதே தொழிற்சாலையில் அரைவைக் கூடத்து மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாகப் பட்டைத் தூசிக்குள் நிற்கிறார். எந்தச் சோப்புக்கும் அந்தத் தூசி போவதில்லை; அவர் தொட்டது எல்லாம் கசக்கும். அவளுக்கு அவர் அறிமுகமானதே அப்படித்தான். உணவகத்தில் ஒருநாள் அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார், அவள் கடித்தாள். "மூணு" என்றாள். அவரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு சட்டம் உண்டாயிற்று: அவர் பரிமாறக் கூடாது, ரொட்டியை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், பழத்தைத் தனக்கு மட்டும்தான் உரித்துக்கொள்ளலாம். இப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்கு ஒரு வயதானபோது அவர் ஒரே ஒரு வாய் ஊட்டிப் பார்த்தார். குழந்தை அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவள் எதிரே உட்கார்ந்து பன்னிரண்டு சைபர்களை நினைத்துக்கொண்டிருந்தாள். கை தன்பாட்டுக்கு நீண்டு அவர் தட்டிலிருந்து ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டது. பிறகு இன்னொன்று.

அவர் உரிப்பதை நிறுத்தினார். மூன்றாவது சுளையை அவரே எடுத்து நீட்டினார். அவள் வாங்கித் தின்றாள்.

"எத்தன நாளா?" என்றார்.

"எது?"

அவர் தன் விரல்களைத் திருப்பிக் காட்டினார்.

"அஞ்சு வாரம்" என்றாள்.

"அஞ்சு வாரமா நான் இடுக்கிய வச்சு ரொட்டி எடுத்துட்டிருக்கேன்" என்றார். "நேத்து ஒண்ணு கீழகூட விழுந்துச்சு. சொல்லியிருந்தா கையால எடுத்திருப்பேன்ல."

"தோணல."

"வேலை எடத்துல தெரியுமா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது தான் நினைத்ததைவிடச் சின்னதாகவும், அதே சமயம் தான் நினைத்ததைவிட மோசமாகவும் தெரிந்தது. தான் மூன்று பேரைப் பார்த்து எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று பேர் அவளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மற்ற மருந்துகள் கசக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், தயங்காமல் முகம் சுளிப்பார்கள். இந்தச் சிரப் கசக்கக் கூடாது என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். அதனால் யாரும் முதலில் சுளிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி வந்துச்சு. வந்தும் சைபர்னு போட்டுச்சு."

"ஏன்?"

"என் மூஞ்சில ஒண்ணும் இல்லையே, அதான்."

அவர் மிச்சமிருந்த சுளைகளை வட்டமாக அடுக்கினார்.

"சிரப் போற ஊர்ல இருக்கற புள்ளைங்களுக்கு உன் மூஞ்சி தெரியாதே" என்றார்.

மறுநாள் காலை அவள் குழாய் கலக்குமுன் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், எனக்கு நாக்கு போயிடுச்சு."

"எங்க?" என்றார் அவர் கையெழுத்துப் போட்டபடி.

"கசப்பு தெரியல சார். அஞ்சு வாரமா."

அவர் பேனாவை வைத்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். "நாலு, நாலு, நாலுன்னு எழுதியிருக்கீங்களே."

"குழாய கலக்கறதே நான்தானே சார். எது நாலுன்னு தெரியும்."

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. கணக்கு ஓடியது. "சரி. உங்க சைபர விட்டுடுவோம். மிச்சம் மூணு பேரு இருக்காங்கல்ல."

"அந்த மூணும் என்னோடதுதான் சார்."

"புரியல."

"என் மூஞ்சிய பாத்துப் போட்டது."

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். கீழே வெள்ளிக்கிழமை லாரிக்கான பெட்டிகள் வரிசையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. "நாளைக்கு லாரி" என்றார்.

"தெரியும் சார்."

"அங்க மழை ஆரம்பிச்சிடுச்சு."

"அதனாலதான் சார் இன்னிக்குச் சொல்றேன்."

அவர் நெடுநேரம் அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருட உழைப்பு அட்டைக்குள் அடுக்கப்பட்டிருப்பதை ஒருவர் அப்படிப் பார்ப்பதை இடையில் புகுந்து கலைப்பது முறையல்ல என்று அவள் காத்திருந்தாள். தன்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவர் திட்டவில்லை. தொலைபேசியை எடுத்து ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டார்.

"உங்க அலமாரித் தட்டு மூணு வேணும்."

மறுமுனை ஏதோ சொன்னது.

"பெட்டிய தரையில வைங்க. ஆமா, இப்பவே."

பத்தரை மணிக்குத் தடுப்புகள் மேசையில் வெட்டியிருந்த பழைய காடிகளில் ஏறின. ஒன்றில் "உடையும், கவனம்" என்று ஒட்டியிருந்தது, யாரும் கிழிக்கவில்லை. மூன்று பேர் மூன்று பொந்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான்காவது நாற்காலி காலியாக இருந்தது. மேலாளரே புட்டிகளுக்கு எண் ஒட்டினார்: இரண்டு பதினான்கு நாள் சிரப், ஒன்று அன்று காலை கலக்கியது, ஒன்று வெறும் பாகு. எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும். கசப்பக்காவிடம் கடிகாரத்தைக் கொடுத்தார்கள்.

அவள் பின்னால் நின்றாள். அவளுக்குத் தெரிந்தது மூன்று முதுகுகள். சமையல்காரர் தடுப்பு இருப்பதை மறந்து இடதுபக்கம் திரும்பினார். ஒட்டுப்பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தார்.

பத்தாவது விநாடியில் அவருடைய இடது காது ஒரு முறை ஆடியது.

அவள் கடிகாரத்தைப் பார்க்க மறந்து அந்தக் காதையே பார்த்தாள். ஸ்டோர் கீப்பரின் கை மேசைக்குக் கீழே மெல்ல மூடியது, கட்டைவிரல் உள்ளே. புதுசு கையைப் பின்னால் நீட்டி, யாராவது கைக்குட்டை தாருங்கள் என்பதுபோல விரல்களை அசைத்தாள். கசப்பக்கா தன்னுடையதைக் கொடுத்தாள்.

பதினான்கு நாள் சிரப்பின் முதல் புட்டிக்கு சமையல்காரர் மூன்று, ஸ்டோர் கீப்பர் நான்கு, புதுசு நான்கு. அதன் இரண்டாவது புட்டிக்கும் ஏறக்குறைய அப்படியே. காலையில் கலக்கியதற்கு சைபர், ஒன்று, சைபர். வெறும் பாகுக்கு ஸ்டோர் கீப்பர் மட்டும் ஒன்று போட்டிருந்தார். அவர் எப்போதும் ஒன்று கூடப் போடுவார். ஒத்துப்போகாத அந்த எண்களைப் பார்த்தபோது அவளுக்குத் தன் சொந்த மனிதர்கள் ஊரிலிருந்து திரும்பி வந்துவிட்டதுபோல இருந்தது.

"புதுசா கலக்குறப்ப சரியா இருக்கு" என்றார் மேலாளர், யாரிடமும் அல்லாமல். "பாகுல ஊற ஊறப் பிசின் விட்டுக்குடுக்குது."

"அப்ப போன தடவையே கசந்துச்சா?" என்று கசப்பக்கா கேட்டாள்.

"ஏழாம் நாளே லேசா கசந்துச்சுக்கா" என்றாள் புதுசு, கண்ணைத் துடைத்தபடி. "நேத்து நாலுதான். நீங்க சுவரு மாதிரி உக்காந்திருந்தீங்க. சரி, நம்ம நாக்குதான் கோளாறுன்னு நெனச்சேன்."

"நாலு வருஷமா பாக்கற. உன் நாக்க நீ நம்ப மாட்டியா?"

"உங்க மூஞ்சிய நம்புறது ஈஸிக்கா."

"எனக்கும்தான் கசந்துச்சு" என்றார் ஸ்டோர் கீப்பர். "கசப்பக்காவே சும்மா இருக்காங்க, நான் மட்டும் என்ன பெரிய நாக்கா?"

சமையல்காரர் வாயை இன்னொரு முறை கொப்பளித்தார். "நான் சர்க்கரை கம்மின்னு நெனச்சேன்" என்றார்.

லாரி வெள்ளிக்கிழமை குழந்தைகள் சிரப் இல்லாமல் போனது. மேலாளர் பாகை விட்டுவிட்டு, பொதிந்த துகளையும் சர்க்கரையையும் உலர்ந்த பொடியாகவே புட்டியில் அடைத்தார். புட்டியின் மேல் ஒரு கோடு; அந்தக் கோடுவரை தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் அன்றைய தேதியில் புதுச் சிரப். மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மூன்றாம் நாள்வரை சுவைத்துப் பார்த்தார்கள், தடுப்புக்குள். எண்கள் ஒத்துப்போகவில்லை, ஆனால் எதுவும் ஒன்றைத் தாண்டவில்லை. எல்லாம் முடியப் பதினாறு நாள் ஆயிற்று. அந்தப் பதினாறு நாளும் நர்ஸ் பழைய சிரப்பைத்தான் கொடுத்திருப்பாள். கசப்பக்கா தினமும் அவளுடைய அங்கியை நினைத்துக்கொண்டாள். ஐந்து வாரம் முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பதினாறு நாளில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடை வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பதிவேட்டில் முப்பத்திரண்டு நான்குகளை அவளே அடித்தாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கையெழுத்திட்டாள். காரணம் எழுதுகிற இடத்தில் "கசப்பு தெரியவில்லை" என்ற இரண்டு சொல்லும் சரியாக அடங்கின. முதல் நாளே அடங்கியிருக்கும்.

அவளை நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழாய் கலக்குவதும், எண் ஒட்டுவதும், கடிகாரம் பிடிப்பதும் அவள் வேலை. தனக்கே கலக்கிக்கொள்ளாதவரை அவள் கலக்கியதில் யாரும் குறை காணவில்லை. பெயர் மட்டும் மாறவில்லை. "கசப்பே தெரியாத கசப்பக்கா" என்று ஸ்டோர் கீப்பர் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். நீளமாக இருந்ததால் விட்டுவிட்டார். அவருடைய பெட்டிகள் இன்னும் தரையில்தான் இருந்தன. அதற்கு அவர் அவளைத்தான் பொறுப்பாக்கினார்.

மழைக்காலத்தின் நடுவில் நர்ஸிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. "பொடி வந்தது. கோடுவரை தண்ணீர் ஊற்றினேன். முதல் ஆறு குழந்தைகள் விழுங்கினார்கள். ஏழாவது துப்பியது. ஆனால் அது எதைக் கொடுத்தாலும் துப்புகிற குழந்தை. அதன் தாயும் அப்படித்தான் சொல்கிறாள். கோட்டைக் கொஞ்சம் தடிமனாகப் போடவும்." மேலாளர் அதைப் பழைய கடிதத்தின் மேலேயே குத்தினார். கசப்பக்கா அதை எடுத்துப் பக்கத்தில் குத்தினாள்.

வீட்டில் சட்டம் தளர்ந்திருந்தது. இடுக்கி ஓர் ஆணியில் தொங்கியது. அவர் கையாலேயே ரொட்டியை எடுத்து அவள் தட்டில் வைத்தார். முதல் சில நாள் திருட்டு வேலை செய்கிறவரைப்போலச் சுற்றுமுற்றும் பார்த்தபடி. பிறகு பழகிவிட்டது. சாயங்காலங்களில் அவளுக்கும் சேர்த்து ஆரஞ்சு உரித்தார். நாரை முழுக்க எடுத்து, விதை நீக்கி, சுளை சுளையாக நீட்டுவார். அதில் அவருக்கு இத்தனை பொறுமை இருக்கும் என்று பதினேழு வருடத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம், நான்காவதோ ஐந்தாவதோ சுளை. விடுதியிலிருந்து மகள் போனில் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மென்றாள். நாக்கின் வேர்ப்பக்கத்தில், மிகப் பின்னால், ஏதோ ஒன்று தலைகாட்டியது. அவள் மெல்லுவதை மெதுவாக்கினாள். தண்ணீர் அல்ல. பட்டை. அரைவைக் கூடம். முதல் நாள் பிஸ்கட். சரியாகச் சொன்னால் ஒன்று. ஒன்றுக்கும் கொஞ்சம் மேலே.

நாளைக் காலை ஒன்பது குழாய்களையும் புதுசைக் கலக்கச் சொல்லி, எண் தெரியாமல் சுவைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் குழாயில் தொடங்குகிறதோ அதை எழுத வேண்டும். ஏழானாலும் ஏழு என்றே எழுத வேண்டும். அவள் அதை முடிவு செய்துவிட்டாள்.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார் அவர். அடுத்த சுளை விரல் நுனியில் இருந்தது. "எவ்வளவு?"

வீட்டில் பதிவேடு இல்லை.

"சைபர்" என்று சொல்லி அவள் கையை நீட்டினாள்.